தரிசு என்று எழுதினால் போதும், நரி தானாகச் செத்துவிடும்

இந்தியாவில் 'பயனற்ற நிலம்' எவ்வளவு இருக்கிறது தெரியுமா? 5 கோடியே 57 லட்சம் ஹெக்டேருக்கு மேல். நாட்டின் மொத்தப் பரப்பில் ஏறக்குறைய 17 சதவீதம். இது என் சொந்தக் கணக்கு இல்லை. மத்திய அரசின் நில வளத் துறை 2019ல் வெளியிட்ட தரிசு நில வரைபடத் தொகுப்பில் இருக்கும் கணக்கு. பாறை, உப்புப் பூத்த மண், மணல்மேடு எல்லாம் அதில் உண்டு. கூடவே முட்புதர் நிலம், மேய்ச்சல் நிலம் என்று நாம் ஊர் ஓரத்தில் தினமும் பார்க்கிற பொட்டல்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே முத்திரை: தரிசு.

நான் பி.காம் மூன்றாம் ஆண்டு மாணவன். விலங்கியல் படித்தவன் இல்லை. இவனுக்கும் நரிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நரியின் பிரச்சினை விலங்கியல் பிரச்சினையே இல்லை, கணக்குப் பிரச்சினை. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பெயர் ஏறாத ஒரு ஜீவன், தன் வீட்டோடு சேர்த்து அனாமத்துக் கணக்கில் தள்ளப்பட்டிருக்கிறது. (அனாமத்துக் கணக்கு என்றால் எங்கே எழுதுவது என்று தெரியாத தொகையை ஆண்டு முடியும் வரை போட்டு வைக்கும் இடம். எங்கள் முதலாமாண்டுப் பாடம்.)

முதலில் எந்த நரி என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தமிழில் நாம் போட்டுக் குழப்பி வைத்திருக்கிறோம். ராத்திரியில் கூட்டமாக ஊளையிடுவது நரி. அது நாய்க்கும் ஓநாய்க்கும் நெருங்கிய உறவு. எட்டு, பத்து கிலோ இருக்கும். கிடையில் ஆட்டுக்குட்டியைத் தூக்கியது என்று கேள்விப்பட்டால் அது இதுவாக இருக்கலாம். குள்ளநரி வேறு. எடை 2 முதல் 4 கிலோ வரைதான், வீட்டுப் பூனையைவிட ஒரு சுற்றுப் பெரிது. சாம்பல் கலந்த பழுப்பு உடம்பு, மெல்லிய கால்கள், பெரிய காது, நுனியில் கருப்பு மை தொட்டது போல ஒரு புசுபுசு வால். இது ஊளையிடாது. கடகடவென்று ஒரு மாதிரி குரைக்கும். உலகத்தில் இந்தியத் துணைக்கண்டத்தைத் தவிர வேறு எங்கும் இது காட்டில் கிடையாது. நம்முடையதே நம்முடையது. ஆனால் நாம் அதற்குக் கொடுத்த ஒரே கௌரவம் 'குள்ளநரித்தனம்' என்ற வசவு!

வசவைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. பாட்டியின் வடையைக் காக்காயிடமிருந்து பறித்ததிலிருந்து, எட்டாத திராட்சையைப் புளிக்கும் என்று சொன்னது வரைக்கும் நம் எல்லோருக்கும் பால்வாடியிலேயே பாடம் ஆகிவிட்டது. மதுரைப் பக்கம் போனால் நரி பரியாகி, ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்ப நரியாகி, லாயத்தில் இருந்த நிஜக் குதிரைகளைக் கடித்த கதை இருக்கிறது. (பாண்டியன் கஜானாவுக்கு அன்றைக்குத் தணிக்கையாளர் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு.) கதை கதையாக இருந்துவிட்டுப் போகட்டும். கதையால் எந்த நரியும் சாகவில்லை. எனக்குக் கடுப்பு ஏற்றுவது வேறு.

குள்ளநரி எப்படி வாழ்கிறது என்று பார்த்தால் நான் சொல்ல வருவது புரியும். இதைப் பற்றி ஆரம்பத்திலேயே கவனித்து எழுதியவர்களில் ஒருவர் நம் ஊர்க்காரர்தான். நாங்குநேரியில் பிறந்த ஏ.ஜே.டி. ஜான்சிங். சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். பின்னால் செந்நாய் ஆராய்ச்சியால் உலகம் முழுக்கப் பெயர் வாங்கி, 2024ல் காலமானார். குள்ளநரியின் வாழ்க்கை பற்றி அவர் எழுதிய கட்டுரை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1978லேயே வந்துவிட்டது.

இந்த நரி அடர்ந்த காட்டில் இருக்காது. புலி, சிறுத்தை வாழும் காட்டைக் காட்டி "இதோ உனக்கு சரணாலயம்" என்று சொன்னால் அதற்குப் பிரயோஜனம் இல்லை. அதற்கு வேண்டியது வெட்டவெளி. கணுக்கால் உயரப் புல், அங்கங்கே ஒரு இலந்தைப் புதர், ஒரு உடை மரம், கொஞ்சம் சரளை மேடு. தூரத்தில் ஆள் வந்தாலும் நாய் வந்தாலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஓட இடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், வளை தோண்டத் தோதான, மழைத் தண்ணீர் நிற்காத மண் வேண்டும்.

வளை என்றால் ஏதோ எலிப் பொந்து மாதிரி ஒற்றை ஓட்டை என்று நினைக்காதீர்கள். வெயிலுக்கு ஒதுங்க இரண்டு வாசல் வைத்த சின்ன வளைகள் உண்டு, அது சத்திரம் மாதிரி. குட்டி போடுகிற வளை வேறு. பல வாசல், உள்ளே கிளை கிளையாகப் பிரியும் சுரங்கம். அதைத் தலைமுறை தலைமுறையாக, வருஷா வருஷம் திரும்ப வந்து, மண்ணை வாரி வெளியே தள்ளிப் புதுப்பித்து, குடியிருக்கும். பூர்வீக வீடு என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதேதான். ஆணும் பெண்ணும் ஜோடியாக வாழும். ஏறக்குறைய ஐம்பது நாள் சினை. கோடை தொடங்கும்போது, பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள், இரண்டு முதல் நான்கு குட்டி. அப்பன்காரன் ஓடிவிடமாட்டான். ஒன்று இரை தேடப் போனால் மற்றது காவல், இருவரும் குட்டிக்கு இரை கொண்டுவருவார்கள். குட்டிகள் வளை வாசலில் ஒன்றின் வாலை ஒன்று கடித்து இழுத்து விளையாடும். மழைக்காலம் தொடங்கும்போது நாலைந்து மாதக் குட்டிகளாகித் தனியே கிளம்பிவிடும்.

சாப்பாடு? கறையான், வெட்டுக்கிளி, வண்டு, நண்டு, ஓணான், எலி, தரையில் கூடு கட்டும் பறவையின் முட்டை, அப்புறம் இலந்தைப் பழம், வேப்பம்பழம், நாவல் பழம். கேட்டால் நம் வீட்டுக் குழந்தை மாதிரி எதையும் ஒதுக்காமல் தின்னும் என்று தெரிகிறது. எலியையும் வெட்டுக்கிளியையும் கவனியுங்கள். கரிசல்காட்டில் கம்பும் சோளமும் கடலையும் போடுகிறவனுக்கு இந்த இரண்டாலும் வரும் நஷ்டம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். சம்பளம் வாங்காத இந்தக் காவலாளி சாப்பிட்ட எலிக்கு யாரும் வரவு எழுதியதில்லை. கண்ணால் பார்க்க முடியாத 'நற்பெயர்' என்ற சமாச்சாரத்துக்கே இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் இடம் ஒதுக்குகிறது எங்கள் பாடப்புத்தகம். வால் நுனி கருத்து, கண்ணெதிரே ஓடுகிற ஒன்றுக்கு இடமில்லை.

இந்தத் 'தரிசு' என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது? வருவாய்த்துறைப் பதிவுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று இரண்டு வகை எழுதியிருப்பார்கள். தீர்வை என்றால் நிலவரி. அதாவது வெள்ளைக்காரன் நிலம் அளந்தபோது அவன் கேட்டது ஒரே கேள்வி, இதிலிருந்து எனக்கு வரி வருமா, வராதா? வராவிட்டால் அது வெட்டி நிலம். அங்கே புல் இருக்கிறதா, ஆடு மேய்கிறதா, வெளிமான் குட்டி போடுகிறதா என்பது அவன் கேள்வி இல்லை. வியாபாரம் செய்ய வந்தவன் வேறு எப்படிப் பார்ப்பான்? அவனை விடுங்கள். அவன் போய் எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் நாம் அதே பேரேட்டைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு இடத்தைத் தரிசு என்று எழுதிவிட்டால் அப்புறம் அதை என்ன செய்தாலும் அது 'மேம்பாடு' ஆகிவிடும். அதுதான் இந்தச் சொல்லின் சாமர்த்தியம். (நரியைப் போய்த் தந்திரக்காரன் என்கிறார்கள்!) பிளாட் போட்டால் மேம்பாடு. கிரஷர் வைத்தால் மேம்பாடு. சூரிய ஒளித் தகடு பதித்தால் மேம்பாடு, அதுவும் பசுமை மேம்பாடு. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016ல் தொடங்கிய 648 மெகாவாட் நிலையம் சுமார் 2500 ஏக்கர். சூரிய மின்சாரம் வேண்டாம் என்று சொல்கிற முட்டாள் இல்லை நான். அனல் மின் நிலையப் புகையைவிட அது ஆயிரம் மடங்கு தேவலை. ஆனால் இந்த விஷயம் உங்களுக்குத் தெரியுமா? 2006ம் வருஷத்து சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சூரிய ஒளி மின் திட்டங்களுக்கு அந்த மதிப்பீடு கட்டாயமில்லை. ஆயிரக்கணக்கான ஏக்கரில் வேலி போட்டாலும் அங்கே என்னென்ன குடியிருந்தது என்று பட்டியல் எடுக்க வேண்டிய அவசியம் சட்டப்படி இல்லை. ஒரு கடையை விற்றால்கூட சரக்கு இருப்பு எடுக்காமல் விற்கமாட்டான் எங்கள் ஊர் பலசரக்குக் கடை அண்ணாச்சி.

இதுவாவது பணம் சம்பந்தப்பட்ட விஷயம், புரிந்துகொள்ளலாம். எனக்குத் தாங்கமுடியாதது நல்லவர்கள் செய்வது. மரம் நடுகிறவர்களைச் சொல்கிறேன்.

ஐயோ, மரம் நடுவதையே குறை சொல்கிறானே என்று இந்த இடத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள் என்று தெரியும். தயவுசெய்து உட்காருங்கள். 1988ன் தேசிய வனக் கொள்கை நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காடாகவோ மரமாகவோ இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கில்தான் 2022ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்த்த இலக்கு வைத்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் 'பசுமை' என்றால் மரம் மட்டும்தானா? புல் எந்த நிறம்? மேற்குத் தொடர்ச்சி மலையும் கரிசல்காடும் தேரிக்காடும் ஒரே மாநிலத்தில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தா? மழை குறைந்த, புல்லும் முள்ளும் மட்டுமே இயற்கையாக வளர்கிற நிலம், 'காடாக முடியாமல் தோற்றுப்போன நிலம்' அல்ல. அது அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படி இருக்கிறவரைதான் குள்ளநரியும் வெளிமானும் அங்கே இருக்கும். வல்லநாட்டில் வெளிமானுக்கென்று ஒரு சரணாலயமாவது வைத்தோம். கானமயில் ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் பொட்டல்களிலும் திரிந்த பறவை, இப்போது இங்கே ஒன்றுகூட இல்லை. அதுவும் இதே 'தரிசில்' வாழ்ந்ததுதான்.

எங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், எல்லாக் கல்லூரியிலும் இதே கூத்துதான். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தைத் தத்தெடுத்திருந்தார்கள். ஊருக்கு வடக்கே மேய்க்கால் புறம்போக்கு, சரளை மேடு. ஜே.சி.பி. வைத்துக் குழி தோண்டி, 500 கன்று நடுவது என்று திட்டம். அங்கே கிடை போட்டிருந்த ஒரு வயசான கீதாரி எங்களைப் பார்த்து வந்தார். "தம்பி, அங்கிட்டுத் தோண்டாதீக. குள்ளநரி குட்டி போடுற எடம்ப்பா அது. எங்க அய்யா காலத்துல இருந்து இருக்கு" என்றார். போய்ப் பார்த்தேன். ஆறு வாசல் எண்ணினேன். ஒன்றின் முன்னால் புது மண் கிடந்தது. பொறுப்பாசிரியரிடம் ஓடிப்போய், "சார், அந்த மேட்டை மட்டும் விட்டுடலாம், கன்றை ஊருணிக்கரையில வைக்கலாம்" என்று சொன்னேன். அவர் சிரித்தார். "நரி வேற எடம் பாத்துக்கும்டா. 500னு எழுதிக் கொடுத்தாச்சு, குழி எண்ணிக்கை காட்டணும்" என்றார். ஜே.சி.பி. ஏறியது. மறுநாள் பேப்பரில் படம் வந்தது. எல்லோரும் ஆளுக்கொரு கன்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி.

அடுத்த மே மாதம் தனியாகப் போய் எண்ணினேன். 500ல் உயிரோடு இருந்தது 31. தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை, ஊற்றத் தண்ணீரும் இல்லை. மீதி குழி எல்லாம் குழியாகவே இருந்தது. வணிகவியலில் இதற்கு மூலதன நஷ்டம் என்று பெயர். அறிக்கையில் இதற்குப் பெயர் சாதனை. கீதாரி அந்தப் பக்கம் இல்லை, கிடை மாறிப் போயிருந்தது.

"நரி வேறு இடம் பார்த்துக்கொள்ளும்." இந்த வாக்கியத்தை எத்தனை பேர் வாயில் கேட்டிருக்கிறேன்! லண்டனில் நரி வீட்டுத் தோட்டத்தில் குட்டி போடுகிறதாமே, குப்பைத் தொட்டியில் சாப்பிடுகிறதாமே, இதுவும் பழகிக்கொள்ளாதா என்கிறார்கள். அது செந்நரி. உலகத்தில் மிக அதிக பரப்பில் பரவியிருக்கும் நிலத்து ஊனுண்ணிகளில் ஒன்று, பனியிலும் இருக்கும் பட்டணத்திலும் இருக்கும். நம் குள்ளநரி அந்த ஜாதி இல்லை. மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் பக்கம் நன்னஜ் புல்வெளியில் அபி தமீம் வனக் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் நரிகளுக்கு ரேடியோ பட்டை மாட்டிப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2010ல் வெளியான முடிவு என்ன? சுற்றிலும் வயலும் வனத்துறை நட்ட தோப்பும் இருந்தாலும் நரி தேடித் தேடிப் போனது இயற்கையான புல்வெளிக்குத்தான். ஆக, நாம் நட்ட தோப்பு அதற்கு வீடு இல்லை. 'வேறு இடம்' என்பது இன்னொரு புல்வெளி. அதையும் நாம்தான் தரிசு என்று எழுதி வைத்திருக்கிறோம்.

அதே நன்னஜில் இன்னொன்றும் தெரிந்தது. நாய் பக்கத்தில் இருந்தால் நரி நிம்மதியாகச் சாப்பிடுவதில்லை, பாதி நேரம் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. நாய் துரத்தும், சில சமயம் கொல்லும். அதைவிட மோசம் நோய். அங்குள்ள நாய்களின் ரத்தத்தைச் சோதித்ததில் பெரும்பாலானவற்றுக்கு டிஸ்டெம்பரும் பார்வோவும் ஏற்கனவே தொற்றிப்போன அடையாளம் இருந்தது. இந்த நோய்கள் நரியையும் விடாது. வெறிநாய்க்கடி பற்றிச் சொல்லவே வேண்டாம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் தெருநாய்கள் 1.53 கோடி. நாய்ப் பிரியர்கள் என் மேல் பாயாதீர்கள், எங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருக்கிறது. நான் கேட்பது இவ்வளவுதான்: பொட்டலில் பிளாட் போட்டதும், அதற்குக் காவலாள் வந்ததும், அவன் சாப்பாட்டு மிச்சம் வெளியே விழுந்ததும், நாலு நாய் வரும். நாலு நாலுபதாகும். நரிக்கு அந்த எல்லைக் கல் முடிகிற இடத்தில் அபாயம் முடிவதில்லை. ஐந்து ஏக்கர் பிளாட் அதற்கு ஐம்பது ஏக்கரை இல்லாமல் ஆக்கிவிடும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1972ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் நரியும் குள்ளநரியும் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். பொங்கலையொட்டி சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கம் 'வங்காநரி ஜல்லிக்கட்டு' என்று ஒன்று நடப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வலை போட்டு நரியைப் பிடித்து, வாயைக் கட்டி, கயிறு பூட்டிக் கோயிலைச் சுற்றி ஓடவிட்டு, பிறகு காட்டில் விடுவார்கள். நரி முகத்தில் விழித்தால் அந்த வருஷம் அதிர்ஷ்டம் என்று நம்பிக்கை. வனத்துறை தடை போடுகிறது, வழக்குப் போட்டு அபராதமும் வசூலித்திருக்கிறது. செய்யட்டும், சரிதான். வாயைக் கட்டி ஆயிரம் பேர் நடுவில் ஓடவிட்டால் அந்தச் சின்ன உயிருக்கு எப்படி இருக்கும்? எனக்கு அதில் அனுதாபம் ஒன்றும் இல்லை. (பிடிபடுவது நரியா குள்ளநரியா என்பதில்கூட பத்திரிகைக்குப் பத்திரிகை வித்தியாசம். அதிர்ஷ்டம் கொடுக்கிற சாமியின் பெயர்கூட நமக்குச் சரியாகத் தெரியவில்லை.)

ஆனால் அந்தச் சட்டப் புத்தகத்தை எடுத்து 'வேட்டை' என்ற சொல்லுக்கு என்ன விளக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள். வணிகச் சட்டத் தாளுக்குப் படித்த பழக்கத்தில் நான் படித்தேன். கொல்வது, பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, உடம்பின் பாகத்தை எடுப்பது எல்லாம் வேட்டை. பறவை, ஊர்வன என்றால் அதன் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டை. நல்ல விளக்கம். ஆனால் பாலூட்டியின் வளையைக் கலைப்பது? அந்த வரியில் அது இல்லை. புறாக் கூட்டைக் கலைத்தால் யோசிக்க வேண்டிய சட்டம், குட்டி போடுகிற நரி வளை மேல் ஜே.சி.பி. ஏறும்போது வாயைத் திறப்பதில்லை. ஒரு நாள் நரியைக் கயிற்றில் கட்டி வைத்தவனுக்கு அபராதம். பரம்பரை பரம்பரையாக அது வாழ்ந்த மேட்டைத் தரைமட்டம் ஆக்கியவனுக்குப் பொன்னாடை, பேப்பரில் படம்.

கார்பன் கார்பன் என்று ஒரு வாதம் வரும். மரம் நட்டால்தானே வெப்பம் குறையும்? புல்வெளியும் கரிமத்தைச் சேர்க்கிறது ஐயா, பெரும்பகுதி வேரிலும் மண்ணிலும். கண்ணுக்குத் தெரியாத இருப்பு, அவ்வளவுதான். அந்த மண்ணைப் புரட்டிப் போட்டுவிட்டு, மேலே 31 வேப்பங்கன்றைக் காட்டி 'வரவு' என்றால் எந்தத் தணிக்கையாளர் கையெழுத்துப் போடுவார்? சீமைக்கருவேலத்தையும் வறண்ட நிலத்துக்கு நல்லது, விறகு கிடைக்கும் என்று நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தார்கள். அதை வெட்டிக் களைய உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

உலகப் பட்டியலில் குள்ளநரி அழியும் நிலையில் இல்லையே, பிறகு ஏன் இந்த ஆவேசம் என்பார்கள். உண்மைதான். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அது 'கவலை குறைந்த' இனம். இமயமலை அடிவாரத்திலிருந்து குமரி வரை பரவியிருக்கிறது, அதனால். பரவியிருப்பது வேறு, நிறைய இருப்பது வேறு. ஒரு கம்பெனிக்கு நூறு ஊரில் கிளை இருக்கிறது என்பதால் அது லாபத்தில் ஓடுகிறது என்று அர்த்தமா? ஒவ்வொரு கிளையாக ஷட்டர் இறங்குவதைப் பட்டியல் உடனே காட்டாது. உங்கள் ஊரில் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று வீட்டில் தாத்தாவைக் கேளுங்கள், அப்பாவைக் கேளுங்கள், பிறகு உங்கள் தம்பியைக் கேளுங்கள். என் தம்பிக்கு நரி என்றால் கார்ட்டூனில் வருகிற சிவப்பு நரிதான் தெரியும்.

ஏழைக்கு வீட்டு மனை வேண்டாமா, ஊருக்கு மின்சாரம் வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டும். எல்லாப் பொட்டலையும் பூட்டி நரிக்குச் சாவி கொடு என்று நான் கேட்கவில்லை. எது நரி வீடு, எது வெறும் மேடு என்று பார்த்துவிட்டுத் தோண்டு என்கிறேன். கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் அ-பதிவேட்டில் கிணறு இருக்கிறது, களம் இருக்கிறது, சுடுகாடு இருக்கிறது, வண்டிப்பாதை இருக்கிறது. மேய்க்கால் என்று ஒரு பெயராவது ஒரு காலத்தில் இருந்தது. புல்வெளி என்று ஒரு வகை சேர்த்தால் பதிவேடு கனத்தா போய்விடும்?

இந்த வருஷமும் முகாம் போகிறவர்கள் இருப்பீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் சாயங்காலம் ஒருநாள் அந்த இடத்தை நடந்து பாருங்கள். முடிந்தால் அந்த ஊர் ஆடு மேய்க்கிறவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்கு எல்லா வளையும் தெரியும். மேட்டுச் சரிவில், ஒரு முழ இடைவெளியில், பக்கத்தில் பக்கத்தில் வாசல்கள் இருந்தால், வாசலில் புது மண் கிடந்தால், சுற்றிலும் இலந்தைக் கொட்டையும் வண்டு ஓடும் கலந்த எச்சம் காய்ந்து கிடந்தால், அங்கே ஆள் இருக்கிறது. சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, முகாம் அறிக்கை எழுதுவதற்கு முன்னாலேயே எழுத்து மூலம் கொடுங்கள். வாயால் சொன்னால் சிரிப்பார்கள். கன்றுகளை ஊருணிக்கரைக்கும், பள்ளிக்கூட வாசலுக்கும், பேருந்து நிறுத்தத்துக்கும் கொண்டு போங்கள். அங்கே நிழலும் வேண்டும், தண்ணீர் ஊற்ற ஆளும் உண்டு.